ஐந்து முகங்களும் ஒரு பொட்டும்

அத்தியாயம் 17

பீட்டர் வீட்டில் கில்பர்ட் என்ற பெயரைச் சொல்லக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. போட்டிருந்தால் யாராவது ஒருவர் வீம்புக்காவது மீறியிருப்பார்கள். அது தானாக நின்றுபோனது, தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோவதுபோல. முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு அதுவும் இல்லை.

போன வாரம் பிரிசில்லாவைப் பொம்மனஹள்ளியில், டியூஷன் வாசலில், கையில் போனோடு நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அந்தப் பெண் அங்கேயே நிற்கிறாள். போனில் வந்திருந்த செய்தி இதுதான்: 'சனிக்கிழமை மேடம் மதிப்பீட்டுக்கு வர்றாங்க. நீதான் பேசணும். அதே மூணு நிமிஷப் பேச்சு. நாகேஷ்.'

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பிரிசில்லா இரண்டாம் வருஷ பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ. அப்பா பீட்டர் கம்பெனி கேப் ஓட்டுகிறார். அம்மா பவுலின் கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறாள். இரண்டு பேருக்கும் கோலார் தங்கவயல்தான் சொந்த ஊர். அண்ணன் கில்பர்ட் டிகிரியில் தேறாததை வீட்டுக்குத் தெரியாமல் மறைத்து, காலேஜ் பையோடு கிளம்பி, சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தான். சில்க் போர்டு சிக்னலில், கேப்பில் இருந்த அப்பாவின் கண்ணெதிரிலேயே டெலிவரி டி-ஷர்ட்டோடு வந்து நின்றான். பெங்களூரில் அத்தனை சிக்னல் இருக்க, விதியைப் பாருங்கள்.

"எங்கப்பன் பூமிக்குள்ள எறங்குனது நீ பிரியாணி சொமக்கறதுக்காடா?" என்று பீட்டர் அன்றைக்குக் கேட்டார். வேறு சிலதும் கேட்டார். அதையெல்லாம் இங்கே அச்சில் போட முடியாது. கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டியிருந்த வாசலைத் தாண்டிப் போனவன் இன்னும் திரும்பவில்லை. போன் நம்பரும் செத்துவிட்டது. சபையில் கேட்பவர்களுக்கு அவன் புனேயில் வேலையாக இருக்கிறான்.

அன்றிலிருந்து பீட்டர் எந்த சிக்னலில் நின்றாலும் டெலிவரிப் பையன்களின் ஹெல்மெட்டுக்குள் குனிந்து பார்க்கிறார். பச்சை விழுந்த பிறகும் பார்க்கிறார். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். இது பவுலினுக்கும் தெரியாது, பிரிசில்லாவுக்கும் தெரியாது. நமக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை.

மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நைட் டியூட்டி முடித்து வந்த பீட்டருக்குக் கண் சிவந்திருந்தது. டி.வி.யில் ஒருவர் கன்னடத்தில் ராசிபலன் சொல்லிக்கொண்டிருந்தார். சபைக்குப் போகிற வீட்டில் ராசிபலன் எதற்கு என்று கேட்கக்கூடாது. யாராவது பேசினால் போதும் என்றிருந்த வீடு அது.

"காலங்காத்தால எங்க?" என்றார் பீட்டர், மகளின் சீவிய தலையைப் பார்த்து.

"சென்டர்ல மீட்டிங் டாடி."

"ம்."

பேச்சு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். வழக்கம் அதுதான். பவுலின் டம்ளரைக் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "நானும் வர்றேன்" என்றாள்.

பிரிசில்லா டம்ளரைக் கீழே வைத்தாள்.

பவுலின் சென்டருக்கு வந்ததே கிடையாது. பெற்றோர் கூட்டம் என்று சொன்னால் "ஃபேக்டரி டார்கெட் யார் முடிப்பா, உங்க நாகேஷா?" என்பாள். அப்படிப்பட்டவள் இன்று வருகிறேன் என்கிறாள்.

"உனக்கு ஃபேக்டரி இல்லியா மம்மி?"

"போன்ல பெர்மிஷன் சொல்லிக்கறேன். மத்தியானத்துக்கு மேல போனா போதும்."

"அங்க ஒண்ணும் இருக்காது. சும்மா பேசிகினே இருப்பாங்க."

"பேசட்டும். கேட்டுட்டு வர்றேன்."

பீட்டர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ராசிபலனைப் பார்த்தார். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

பிரிசில்லா ஏன் பயந்தாள் என்றால், அந்த மூன்று நிமிஷப் பேச்சில் ஒரு வரி இருக்கிறது. 'எங்க வீட்ல கேக்கறதுக்கு ஆள் இல்ல.' சென்டருக்கு வந்துபோன விருந்தாளிகள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். வீடியோவாகவும் எடுத்து எங்கெங்கோ அனுப்பிவிட்டார்கள். கேட்காத ஆட்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அந்த வீட்டில் இருக்கிறவர்கள்.

அந்த சென்டர், அதாவது இளங்குரல் மையம், மெடிக்கல் ஷாப்புக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, ஒழுகும் வாஷ்பேசின். குறை சொல்லலாம், ஆனால் நியாயமாகவும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் வார்டு ஆபீஸுக்கு நடையாய் நடந்து தெருவிளக்கு போடவைத்தார்கள். பூட்டிக்கிடந்த காலேஜ் டாய்லெட்டைத் திறக்கவைத்தார்கள். மனசு சரியில்லாத பிள்ளைகள் வந்து உட்கார ஒரு பாய் விரித்திருந்தார்கள். பிரிசில்லாவுக்கு வீட்டைவிட அந்தப் பாய்தான் பிடிக்கும். பணம் கொடுக்கிற இடத்திலிருந்து இன்றைக்கு வரும் மேடத்தின் ரிப்போர்ட்டை வைத்துத்தான் அடுத்த மூன்று வருஷத்துக்கு அந்தப் பாய் இருக்குமா, சுருட்டிவிடுவார்களா என்று முடிவாகும்.

சென்டரை நடத்தும் நாகேஷ் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், பாதிப் பேச்சில் கன்னடத்துக்குத் தாவுவார். கையில் ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கிய ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள்.

"கலர் ஸ்டிக்கர் தீர்ந்துபோச்சு, அதான் பொட்டு. நம்ம ஊருக்கு இதான் சரி" என்றார். பிறகுதான் பிரிசில்லாவுக்குப் பின்னால் நின்ற பவுலினைப் பார்த்தார். "அக்கா! நீங்களா? ரொம்ப சந்தோஷம். வாங்க, கூத்கொள்ளி, உக்காருங்க."

பவுலின் பின் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மடியில் டிபன் பை.

பிரிசில்லா நாகேஷை வாஷ்பேசின் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணா, இன்னிக்கு நான் பேசல. வேற யாராவது பேசட்டும்."

"ஏம்மா?"

"மம்மி வந்துக்கீறாங்க."

"நல்லதுதானே? அம்மா முன்னாடி பேசினா இன்னும் எஃபெக்டா இருக்கும்."

"அவங்களுக்கு எதுவும் தெரியாதுண்ணா."

நாகேஷ் நெற்றியைத் துடைத்தார். கெட்டவர் இல்லை. சம்பளம் இரண்டு மாதம் தாமதமானபோதுகூட பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கத் தவறாதவர். ஆனால் பயந்தவர். பயந்தவர்களிடம் கெஞ்சிப் பயனில்லை.

"மூணே நிமிஷம்மா. உன் கேஸ் மாதிரி நம்மகிட்ட வேற ஸ்டோரி இல்ல. வந்தப்போ எப்படி இருந்த, இப்ப எப்படி இருக்க? அதைத்தான் மேடம் பாக்கணும். சென்டர் நிக்கணும் இல்லியா? ஸ்வல்ப, கொஞ்சம் பாத்துக்கோ."

பிரிசில்லா தலையாட்டினாள். வழக்கமாகவே அவள் தலையாட்டிவிடுவாள். ஏனென்றால் அந்தப் பேச்சைப் பேசுவதில் அவளுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை.

முதல் தடவை அப்படி இல்லை. அந்தப் பாயில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, முன்னுக்குப்பின் முரணாக என்னென்னவோ சொன்னாள். அண்ணன் குளிக்கும்போது கத்திப் பாடுவது. அவளுக்குக் காரம் ஆகாது என்று ஆம்லெட்டில் இருக்கும் பச்சை மிளகாயையெல்லாம் பொறுக்கி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்வது. மேட்ச் பார்க்கும்போது ரிமோட்டின் மேல் உட்கார்ந்துகொள்வது. எல்லாரும் கேட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது நெஞ்சு லேசாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் விருந்தாளிகள் வந்தார்கள். "அன்னிக்குச் சொன்னியே, அதையே சொல்லும்மா" என்றார் நாகேஷ். "ஆம்லெட் வேணாம், நீளமாகுது." அதற்கடுத்த தடவை குளியலறைப் பாட்டு போனது. பிறகு ரிமோட் போனது. கடைசியில் மூன்று நிமிஷம் மிஞ்சியது. எந்த இடத்தில் நிறுத்தினால் எதிரில் இருப்பவர்கள் கர்ச்சீப்பை எடுப்பார்கள் என்று அவளுக்கு இப்போது அத்துப்படி.

காலை மடித்து ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, கிள்ளினால்கூடத் தெரியாதே, அப்படித்தான் ஆகிவிட்டது. அண்ணனை நினைத்தால் அவன் முகம் வருவதில்லை. பேச்சின் முதல் வரிதான் வருகிறது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதையும் பேச்சில் சேர்த்துவிடுவார்களோ என்று பயம்.

சௌம்யா மேடம் வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். காட்டன் குர்தா, தோளில் துணிப்பை. நாகேஷ் நீட்டிய பூங்கொத்தை வாங்கி, வைக்க இடம் தெரியாமல் கடைசிவரை கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"என் பேர் பிரிசில்லா" என்று ஆரம்பித்தாள். "எனக்கு ஒரு அண்ணன். போன கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டு வாசல்ல ஸ்டார் தொங்குச்சு. அண்ணன் இல்ல."

நிறுத்தம். முன் வரிசையில் ஒரு அம்மா முந்தானையை எடுத்தார். சரியாக வந்தது.

"அவனுக்கும் சொல்றதுக்கு எவ்வளவோ இருந்துச்சு. எங்க வீட்ல கேக்கறதுக்கு ஆள் இல்ல."

பிரிசில்லா பின் வரிசையைப் பார்க்கவே கூடாது என்று நினைத்திருந்தாள். கண் போய்விட்டது. பவுலின் அழவில்லை, முகம் சுளிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினில் ஊசி இறங்கும் இடத்தை எப்படிப் பார்ப்பாளோ அப்படி, கண்ணை எடுக்காமல்.

"இங்க வந்தப்புறம் நான் பேசறேன். என்னைக் கேக்கறாங்க. இன்னிக்கு நான் சிரிக்கறேன்."

சிரித்தாள். சிரிப்பும் பேச்சில் சேர்ந்ததுதான். கைதட்டல் வந்தது. சௌம்யா தட்டவில்லை, பூங்கொத்தைப் பிடித்திருந்ததால் தட்ட முடியவில்லை என்று நாகேஷ் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்தது பொட்டு.

சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. அதில் வரிசையாக ஐந்து முகங்கள். முதல் முகம் அழுகிறது, கடைசி முகம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. மாதாமாதம் பிள்ளைகள் 'இந்த மாதம் நான் எப்படி இருக்கிறேன்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதை எண்ணித்தான் சென்டரால் பிள்ளைகளின் மனசு எவ்வளவு தேறியது என்று கணக்கு அனுப்புவார்கள்.

பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பொட்டு ஒட்டினார்கள். ஒட்டி முடிந்தபோது சிரிக்கிற முகத்துக்கு அம்மை போட்டதுபோல ஆகிவிட்டது. மற்ற நாலு முகங்களும் காலி.

நாகேஷ் பெருமையாகத் திரும்பினார். "பாத்தீங்களா மேடம்?"

சௌம்யா சார்ட்டின் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். போன மாதத்துச் சார்ட்டைக் கேட்டார். அதுவும் அப்படியே. அதற்கு முந்தின மாதமும் அப்படியே. முதல் மாதத்துச் சார்ட்டில்தான் ஐந்து முகங்களிலும் ஸ்டிக்கர் இருந்தது.

"இந்த ஊர்ல யாருக்கும் ஒரு மாசம்கூட மூட் அவுட் ஆகலியா?" என்று கேட்டார், அவருக்கே உரிய மெல்லிய குரலில். "எக்ஸாம் வந்திருக்கும், மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்திருக்கும். நீங்க இங்க வந்து சிரிச்சுகிட்டே இருந்தீங்களா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹரிஷ் என்று ஒருத்தன், தெருவிளக்குக்காக வார்டு ஆபீஸில் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"அழற மூஞ்சில ஒட்டினா உள்ள ரூமுக்குக் கூப்புடுவாங்க மேடம்."

"கூப்பிட்டு?"

"என்னா ஆச்சுன்னு கேப்பாங்க. சொல்லணும். நல்லா சொன்னா அடுத்த மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்வாங்க. அப்பறம் ஃபோட்டோ. அதுக்கு இதுலயே ஒட்டிட்டுப் போய்டலாம். ஜாலியா கேரம் ஆடலாம்."

அறையே சிரித்துவிட்டது. நாகேஷ்கூடச் சிரித்தார், பாதியில்தான் அவருக்கு உறைத்தது. முகம் சுருங்கிப்போனது. மனுஷன் அந்த இடத்திலேயே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

சௌம்யா பிரிசில்லாவைத் தேடினார். அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். அவள் பொட்டும் சிரிக்கிற முகத்தில்தான் இருந்தது.

"பிரிசில்லா, உங்கிட்ட ஒண்ணு கேக்கலாமா? பதில் சொல்லாட்டிப் பரவால்ல. இந்த சென்டர் உனக்கு என்னா குடுத்துச்சுன்னு சொல்லிட்ட. குடுக்காம விட்டது எதாவது இருக்கா?"

மூன்று நிமிஷப் பேச்சில் இதற்குப் பதில் இல்லை. அம்மா இருப்பது தெரியும். சென்டர் என்ன ஆகுமோ என்பதும் தெரியும். ஆனாலும் வந்துவிட்டது.

"யாரும் கேக்கல மேடம்."

"என்னா கேக்கல?"

"எங்க அண்ணன் வந்துட்டானான்னு."

பிரிசில்லா சார்ட்டைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"நான் எத்தனையோ தடவை சொல்லிக்கீறேன். எல்லாரும் அழுதுக்கீறாங்க. கட்டிப் புடிச்சிக்கீறாங்க. பிரேவ் கேர்ள்னு சொல்வாங்க. அப்பறம் அவன் வந்துட்டானா, தேடினீங்களா, போன் பண்ணானான்னு... ஒருத்தர்கூட, ஒருதபாகூட கேட்டதில்ல."

குரல் கொஞ்சமும் உடையவில்லை. கடைக்குப் போன இடத்தில் சில்லறை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் கேட்டவர்களுக்குத் தாங்க முடியவில்லை. கர்ச்சீப் எடுக்கக்கூட யாருக்கும் கை வரவில்லை.

நாகேஷ் நாற்காலியைப் பிடித்தபடியே, "நான் கேக்கலியே" என்றார். "அய்யோ, நான்கூடக் கேக்கலியே. தினமும் பாக்கறேன் உன்னை."

"பரவால்லண்ணா" என்றாள் பிரிசில்லா. உண்மையாகவே அவளுக்குப் பரவாயில்லை என்றுதான் இருந்தது. எல்லாமே பரவாயில்லை என்றிருப்பதுதான் அவளுடைய நோய்.

கடைசியில் பெற்றோர்களுக்கும் ஆளுக்கொரு பொட்டு கொடுத்தார்கள். 'சென்டரால் என் பிள்ளை எப்படி இருக்கிறாள்' என்று அவர்களும் ஒட்ட வேண்டும். முந்தானை அம்மாவும் மற்றவர்களும் மரியாதைக்குச் சிரிக்கிற முகத்தில் ஒட்டிவிட்டு வந்தார்கள்.

பவுலின் முறை வந்தது. அவள் சபையில் யாரும் பொட்டு வைப்பதில்லை. அட்டையை வாங்கத் தயங்கினாள்.

"நெத்திக்கு இல்லக்கா, சுவத்துக்குத்தான்" என்றார் நாகேஷ். பழைய உற்சாகம் எதுவும் அந்தக் குரலில் இல்லை.

பொட்டை விரல் நுனியில் ஏந்திக்கொண்டு பவுலின் சார்ட்டின் முன்னால் நின்றாள். அழுகிற முகத்தைப் பார்த்தாள். சிரிக்கிற முகத்தைப் பார்த்தாள். நடுவில் வாய் கோடாக இருந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எம் பொண்ணு மூஞ்சி இதுல இல்லியே" என்றாள்.

"இருக்கறதுல எது பக்கமா வருதோ அதுல ஒட்டுங்கக்கா. எண்ணணும் இல்ல."

பவுலின் கேட்கவில்லை. சார்ட்டுக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி, வெறும் சுவரில் ஒட்டினாள். காலர் தைக்கிற கை அல்லவா, கட்டைவிரலால் ஓரம் பிரியாதபடி நன்றாக அழுத்தினாள். நாகேஷ் அதை எடுத்து உள்ளே ஒட்டலாமா என்று கையை நீட்டினார்.

"விடுங்க நாகேஷ்" என்றார் சௌம்யா. "அது அங்கயே இருக்கட்டும்."

எல்லாரும் கலைந்தபோது நாகேஷ் படிக்கட்டு வரைக்கும் சௌம்யாவோடு போனார். பின்னால் வந்த பிரிசில்லாவின் காதிலும் விழுந்தது.

"மேடம், மூடிடுவாங்களா?"

"மூடச் சொல்லி நான் எழுதமாட்டேன். தெருவிளக்கு நிஜம், அந்தப் பாய் நிஜம். ஆனா நல்லா நடக்குதுன்னும் எழுத முடியாது. பசங்க கதையை விருந்தாளிக்குக் காட்டறதை நிறுத்தணும்னு எழுதுவேன். அதுக்கு அவங்க என்னா சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. காட்ட ஒண்ணும் இல்லாத எடத்துக்குப் பணம் குடுக்க எல்லாரும் யோசிப்பாங்க."

"நான் நிறுத்திடறேன் மேடம். இன்னியோட ஆயித்து, முடிஞ்சுது."

"அந்தப் பொண்ணுகிட்ட பேசுங்க" என்றார் சௌம்யா. ஒரு படி இறங்கியவர் நின்றார். "பேச வைக்காதீங்க. நீங்க பேசுங்க."

பூங்கொத்தை மெடிக்கல் ஷாப்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஹொசூர் ரோட்டில் மெட்ரோ தூணின் நிழலில் அம்மாவும் மகளும் ஷேர் ஆட்டோவுக்காக நின்றார்கள். பவுலின் ஃபேக்டரிக்குப் போக வேண்டும். பிரிசில்லா வீட்டுக்குப் போக வேண்டும். வண்டிச் சத்தத்தில் பேச முடியாது என்பது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

ஆனாலும் பிரிசில்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மம்மி, கேக்கறதுக்கு ஆள் இல்லன்னு சொன்னேனே. அது அவங்க எழுதிக் குடுத்தது இல்ல. நான் சொன்னதுதான்."

"தெரியும்."

"கோவமா?"

"இன்னாத்துக்குக் கோவம்? உள்ளதைத்தானே சொன்ன."

ஒரு லாரி போயிற்று. பின்னாலேயே இரண்டு பஸ் போயிற்று. பவுலின் டிபன் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீயும் என்னைக் கேக்கலியே பிரிசி."

"என்னா கேக்கல?"

"அங்க சொன்னியே, அதைத்தான். அவன் வந்துட்டானான்னு."

பிரிசில்லா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தானா?"

"போன செவ்வாக்கெழம. வேலை விட்டு வர்றேன், ஃபேக்டரி கேட்டாண்ட நின்னுகினு இருந்தான். எளைச்சுப் போய்ட்டான். தாடி வேற, கர்மம். மொதல்ல எனக்கு அடையாளமே தெரில."

"ஏன் மம்மி சொல்லல? இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"எப்பிடி ஆரம்பிக்கறதுன்னு தெரிலடி. டெய்லி டீ போடும்போது சொல்லிடணும்னு நெனப்பேன். டி.வி.யில எவனாவது பேசிகினு இருப்பான். நம்ம வீட்ல பேசற பழக்கமே போயிட்ச்சு இல்ல?"

"எங்க இருக்கானாம்?"

"அதைச் சொல்ல மாட்டேன்னுட்டான். டாடி எப்பிடி கீறாருன்னு கேட்டான். நான் பதில் சொல்லல. எனக்கு வாய் வர்ல." பவுலின் மூச்சு வாங்கினாள். "போனை எடுத்து உன் வீடியோவைக் காட்டினான். டெலிவரிப் பசங்கள்ல எவனோ அனுப்பினானாம்."

ஊரெல்லாம் பார்த்த வீடியோவை அவனும் பார்த்திருக்கிறான். யாரைப் பற்றிய பேச்சோ அவனே பார்த்திருக்கிறான்.

"திட்டினானா?"

"திட்டல. 'பாக்கறவங்க எல்லாம் அழறாங்க மம்மி, இவ ஒரு சொட்டு அழல. முட்டியில அடிபட்டாலே கத்தித் தெருவைக் கூட்டறவ. இவளுக்கு என்னா ஆயிட்ச்சு? நீ போய்ப் பாரு'ன்னான். அதான் இன்னிக்கு வந்தேன். பாத்தேன். அவன் சொன்னது சரிதான்."

ஷேர் ஆட்டோ ஒன்று வேகத்தைக் குறைத்தது. பவுலின் கையைக் காட்டவில்லை. அது போய்விட்டது.

"வேற என்னா கேட்டான்?" குரல் எங்கிருந்தோ வந்தது. தன் குரல்தான் என்று பிரிசில்லாவுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"ஆம்லெட்ல மொளகாயை இப்ப யாரு பொறுக்கறாங்கன்னு கேட்டான்."

மூன்று நிமிஷப் பேச்சுக்காக வெட்டிப் போட்ட ஆம்லெட். நாகேஷ் நீளமாகுது என்று சொன்ன ஆம்லெட். அதை அவன் எங்கேயோ ஒரு அறையில், நாலு பையன்களோடு படுத்துக்கொண்டு, நினைவில் வைத்திருந்திருக்கிறான். பிரிசில்லாவுக்கு அண்ணன் முகம் வந்துவிட்டது. தட்டின் மேல் குனிந்து மிளகாய் பொறுக்குகிற முகம், அவள் பார்த்தே இராத தாடியோடு சேர்ந்து வந்தது. மூக்கு நுனி எரிந்தது. மரத்த காலில் ரத்தம் திரும்பும்போது ஊசியாகக் குத்துமே, அதுபோலக் கண்ணுக்குப் பின்னால் எங்கோ குத்த ஆரம்பித்தது. வலித்தது. அப்பாடா, வலித்தது.

"வர செவ்வாக்கெழமயும் வர்றேன்னான்" என்றாள் பவுலின். "உன்னையும் இட்டுகினு வரட்டுமான்னேன். அவளைக் கேட்டுட்டு இட்டுகினு வா, கேக்காம இட்டுகினு வராதன்னான்."

"நீ ஏன் மம்மி என்னைக் கேக்கல?"

பவுலின் முதல்முறையாக ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தாள்.

"இப்பக் கேக்கறேன். வர்றியா?"

அடுத்த ஷேர் ஆட்டோ அவர்கள் முன்னால் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார், எட்டிப் பார்த்தார். தூணுக்கடியில் அழுதுகொண்டிருந்த பெண்ணையும் பக்கத்தில் நின்ற அம்மாவையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.